6,001-வது வண்டி: நெரிசல் எங்கே தொடங்குகிறது?

பர்லியார்க்காரன்

டாக்ஸி ஓட்டும் நண்பனுக்கும் எனக்கும் ரொம்ப நாளாக ஒரு வாக்குவாதம். 2025 கோடையில் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும்: வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அவன் கேட்பது இதுதான்: "ஆறாயிரமாவது ஆளுக்கு இ-பாஸ் கிடைக்கிறது, அடுத்தவனுக்கு இல்லை. அந்த ஒரு வண்டியாலா ஊர் நெரிசலாகிவிடும்?" ஆகாது என்றேன். "அப்ப 6,002?" அதுவும் ஆகாது. இப்படியே ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போய் 20,000-இல் நிறுத்தி, இருபதாயிரம் வண்டி வந்தாலும் நெரிசல் இல்லை என்று என் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறான்.

இ-பாஸ் சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை, அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இவன் முடிவு பொய் என்று பச்சையாகத் தெரிகிறது, ஆனால் நடுவில் எந்தப் படியைக் கை வைத்துப் பொய் என்று சொல்வது? இங்கே தர்க்கம் படித்தவர்கள் இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.

இலைக்காரன்_கோத்தகிரி

இதெல்லாம் வேலை இல்லாத நேரத்துப் பேச்சு. மே மாதம் ஊட்டி சேரிங் கிராசில் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு நின்று பாருங்கள், நெரிசல் என்றால் என்னவென்று தெரியும். கோடு எங்கே இருந்தால் என்ன?

கேத்தி டீச்சர்

அந்த டாக்ஸித் தம்பி தனக்குத் தெரியாமலே ஒரு பழைய கிரேக்கர் வேலையைச் செய்திருக்கிறார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, மிலேட்டஸ் ஊர் யூபுலிடிஸ் பெயரில் வழங்கி வருகிற புதிர் இது. ஒரு மணி தானியம் குவியல் ஆகாது, குவியல் அல்லாத ஒன்றோடு இன்னொரு மணி சேர்ந்தால் மட்டும் அது குவியல் ஆகிவிடாது, ஆகவே எத்தனை மூட்டை கொட்டினாலும் குவியல் கிடையாது. வழுக்கைத் தலைக்கும் இதையே சொன்னார்கள்.

பிரித்தால் மூன்றே துண்டு. ஒன்று: 1,000 வண்டி நெரிசல் இல்லை. இரண்டு: எந்த எண்ணிக்கை நெரிசல் இல்லையோ, அதோடு ஒன்று கூடினாலும் நெரிசல் இல்லை. மூன்று: ஆகவே 20,000-மும் நெரிசல் இல்லை. முடிவை அப்படியே விழுங்கி, "நெரிசல் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை" என்று சொல்லிவிடலாம். பீட்டர் அங்கர் என்ற தத்துவவாதி 1979-இல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார், மேசை நாற்காலி எதுவுமே கிடையாது என்று எழுதினார். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் இரண்டாவது துண்டை மறுக்க வேண்டும். ஆனால் அதை மறுத்த மாத்திரத்தில் வழக்கமான தர்க்கம் ஒரு விலை கேட்கும்: அப்படியானால் ஏதோ ஓர் எண்ணில் நெரிசல் இல்லை, அதற்கு அடுத்த எண்ணில் நெரிசல். அந்த ஒற்றை வண்டிதான் யாருக்கும் தொண்டையில் இறங்குவதில்லை.

ஜெர்மன் தர்க்க அறிஞர் ஃப்ரேகே இப்படிப்பட்ட சொற்களைத் தர்க்கத்தின் வாசலிலேயே நிறுத்தினார், எல்லை கூர்மையாக இல்லாதது கருத்தே இல்லை என்றார். ரஸ்ஸல் 1923-இல் இன்னும் ஒரு படி போய், மொழி முழுக்கவே இப்படித்தான், தர்க்கம் இந்த மண்ணுலகுக்கு அல்ல, கற்பனையான ஒரு விண்ணுலகுக்குத்தான் பொருந்தும் என்று எழுதினார். கிண்டலா சீரியஸா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

இலைக்காரன்_கோத்தகிரி

டீச்சர், அந்த டாக்ஸிக்காரர் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டால் நான் பதில் சொல்வதை நிறுத்திவிடுவேன். கதை முடிந்தது.

கேத்தி டீச்சர்

அதற்கும் ஆள் இருக்கிறது தம்பி. பழைய கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவ மரபைச் சேர்ந்த கிறிசிப்பஸ் சொன்ன யோசனை அதுதான்: விஷயம் தெளிவாக இருக்கும்போதே, சிக்கலான இடம் வருவதற்கு முன்னாலேயே வாயை மூடிக்கொள். அந்த மரபை எதிர்த்து வாதாடிய கார்னியடீஸ் அதற்கு என்ன சொன்னார் என்று ரோமானியர் சிசரோ குறித்திருக்கிறார்: வாயை மூடிக்கொண்டால் என்ன, குறட்டை விட்டுத் தூங்கினாலும் எனக்குக் கவலை இல்லை, உன்னை எழுப்பி மறுபடி கேட்க ஒருவன் வருவான்.

செக்‌ஷன்_17

என் பெயரைப் பார்த்தாலே எந்த ஊர், எந்த மாதிரி நிலத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும் (மற்றவர்களுக்கு: கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும், உரிமை தீராத நிலம்). கூடலூரில் இந்தப் புதிர் புத்தகத்தில் இல்லை, கோர்ட்டில் இருக்கிறது.

கோதவர்மன் வழக்கு என்று நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அது எங்கள் ஊர் மரத்தில் தொடங்கியது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 உத்தரவில் நீதிமன்றம் சொன்னது: "காடு" என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள்தான் கொள்ள வேண்டும், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. அரசு ஏட்டில் காடு என்று எழுதியிருப்பது மட்டும் காடு என்று இருந்தவரை, எழுதாத இடத்தில் எவ்வளவு அடர்ந்த மரம் நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது காடு இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வேண்டுமென்றே ஒரு மங்கலான சொல்லைக் கையில் எடுத்தார்கள். அகராதியைத் திறந்தால் எத்தனை மரம் என்று எந்த அகராதியிலும் போட்டிருக்காது. அதனால்தான் அதே உத்தரவில், எது எது காடு என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு மாநிலமும் நிபுணர் குழு போட வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது எங்கள் பக்கத்தில் ஓடும் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "இந்த ஒரு பலாவை எடுத்தால் காடு காடில்லாமல் போகுமா? போகாது. அப்புறம் அந்த ஈட்டி மரம்?" டாக்ஸி நண்பர் மேலே ஏற்றினார், இவர்கள் கீழே இறக்குகிறார்கள். மரம் மரமாகக் கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் "போகாது" என்பதே நேர்மையான பதில். அந்த நேர்மையான பதில்களைக் கூட்டினால் கடைசியில் ஒரு தோட்டம் கிடைக்கும்.

குறிஞ்சிப்புதர்

செக்‌ஷன் அண்ணா சொன்னதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மங்கலான சொல் வேண்டாம், எண் வை என்றால் என்ன நடக்கும் என்று பாருங்கள். இந்திய வன அளவை நிறுவனம் வனப்பரப்பு எடுக்கும்போது ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக் கவிகை (மேலிருந்து பார்த்தால் கிளையும் இலையும் மூடும் பரப்பு) 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வனப்பரப்பு என்று கணக்கில் சேர்க்கும், யார் நிலம், என்ன மரம் என்று பார்க்காது. 10 முதல் 40 வரை திறந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, 70-க்கு மேல் மிக அடர்ந்தது. கூர்மையான எல்லைதான், ஃப்ரேகே சந்தோஷப்படுவார்.

ஆனால் நம் மலைக்கு இதைக் கொண்டுவந்தால் தலைகீழாகிவிடும். மேல்மட்டத்தில் மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல்வெளி, இரண்டும் சேர்ந்துதான் ஒரு வாழிடம். புல்வெளியில் மரமே இல்லை, ஆகவே அது வனப்பரப்பு இல்லை. அதே புல்வெளியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் புகுந்து, புல் செத்து, வரையாடு மேய இடமில்லாமல் போனால் அன்றைக்கு அது வனப்பரப்பாக மாறி அறிக்கையில் பச்சையாகத் தெரியும். நிழல் மரம் போட்ட தேயிலையும் அந்தக் கணக்கில் உள்ளே வரலாம். எல்லை தெளிவாக இருப்பது வேறு, சரியான இடத்தில் இருப்பது வேறு.

மேகமூட்டம்

மென்பொருள் ஆள் என்ற முறையில் சொல்கிறேன், இது 1965-லேயே தீர்ந்துபோன பிரச்சினை இல்லையா? லாட்ஃபி ஸாடே ஃபஸி கணங்கள் என்று கொண்டுவந்தாரே. உண்மை, பொய் என்று இரண்டு மட்டும் வைக்காமல் 0 முதல் 1 வரை அளவு கொடுங்கள். 6,000 வண்டி என்றால் நெரிசல் 0.5, 9,000 என்றால் 0.8, அவ்வளவுதான். ஜப்பானில் செண்டாய் சுரங்க ரயிலை 1987-இல் இந்தத் தர்க்கத்தை வைத்தே ஓட்டினார்கள், பிரேக் போடுவது குலுங்காமல் இருந்தது. டாக்ஸி அண்ணாவின் புதிரும் இதில் அழகாக உடையும்: ஒவ்வொரு படியும் முழு உண்மை இல்லை, 0.999 உண்மை. பத்தாயிரம் படி ஏறும்போது அந்தச் சின்னச் சின்னக் குறைகள் சேர்ந்து முடிவு பொய்யாகிவிடுகிறது. ஒவ்வொரு படியும் சரி மாதிரி ஏன் தோன்றுகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

கேத்தி டீச்சர்

ரயில் ஓடியது உண்மை, கடைசி வரி நல்ல வரியும்கூட. ஆனால் ரயில் ஓடியதால் தர்க்கம் ஓடாது.

முதலில், ஒரு நிலம் காடு என்பது 0.5 என்று வையுங்கள். ஸாடே விதிப்படி "அல்ல" என்பது 1-இலிருந்து கழிப்பது, "மற்றும்" என்பது இரண்டில் சிறியது. அப்போது "இது காடு, மற்றும் இது காடு அல்ல" என்பதற்கும் 0.5 வருகிறது. ஒரே மூச்சில் சொன்ன முரண்பாடு எப்படி பாதி உண்மையாகும்? என் வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால் பாதி மதிப்பெண் போடமாட்டேன்.

இரண்டாவது இன்னும் மோசம். 0.5 ஏன், 0.52 ஏன் இல்லை? யார் அளந்தது? நெரிசலுக்கு ஒரு கூர்மையான எல்லை இருக்கிறது என்பதை நம்பமுடியாமல்தானே இங்கே வந்தோம், இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் தசமப் புள்ளியோடு கூர்மையான எண் இருக்கிறது என்று நம்பச் சொல்கிறீர்கள். சரியாக 1 ஆக இருப்பது எந்த வண்டியில் நின்று, 1-க்குக் கீழே விழுவது எந்த வண்டியில்? ஒரு கோட்டைத் துரத்திவிட்டு ஆயிரம் கோட்டை வீட்டுக்குள் விட்ட மாதிரி. இடைப்பட்டவை என்று ஒரு மூன்றாம் பெட்டி வைத்தாலும் இதே கதிதான், அந்தப் பெட்டிக்கே இரண்டு பக்கமும் எல்லை எங்கே என்று கேட்பார்கள்.

பர்லியார்க்காரன்

அப்படியானால் டீச்சர், உங்கள் கட்சி எது?

கேத்தி டீச்சர்

எனக்குப் பிடிக்காத ஆனால் மறுக்கக் கஷ்டமான கட்சியை முதலில் சொல்கிறேன். டிமதி வில்லியம்சன், 1994. அவர் சொல்வது: கோடு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வண்டியில் நெரிசல் தொடங்கத்தான் செய்கிறது. நமக்கு அது தெரியாது, தெரியவும் முடியாது. ஏன் முடியாது என்றால், ஒரு சொல்லின் பொருள் அதை நாம் எல்லோரும் பயன்படுத்தும் விதத்தைச் சார்ந்தது. நம் பயன்பாடு ஒரு இழை மாறினால் கோடும் ஒரு வண்டி நகரும். ஆகவே எல்லைக்குப் பக்கத்தில் நின்று "இதுதான்" என்று ஒருவர் சொல்லி அது சரியாகவே இருந்தாலும், அதிர்ஷ்டத்தில் சரியானதே தவிர அறிவு ஆகாது. அறிவுக்குப் பிழைபொறுக்கும் இடைவெளி கொஞ்சம் வேண்டும். தர்க்கத்தில் ஒரு விதியையும் தொடாமல் புதிரை முடித்துவிடுகிறார், அதுதான் இதன் பலம்.

பர்லியார்க்காரன்

நம்பவே முடியவில்லை. காடு, நெரிசல் எல்லாம் நாம் உண்டாக்கிய சொற்கள். நாம் யாரும் போடாத கோட்டை நமக்குத் தெரியாமல் யார் போட்டது? தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நாம் அளக்காவிட்டாலும் அது அவ்வளவு உயரம்தான், சரி. "நெரிசல்" அப்படிப்பட்ட பொருளா?

கேத்தி டீச்சர்

அந்த எரிச்சல் பெரும்பாலோருக்கு வருவதுதான். அவர்களுக்காகக் கிட் ஃபைன் 1975-இல் வேறு பாதை போட்டார். நெரிசல் என்ற சொல்லை நியாயமாகக் கூர்மையாக்கப் பல வழிகள் உண்டு: ஒருவர் 5,500-இல் கோடு போடலாம், ஒருவர் 7,200-இல். எல்லா வழியிலும் உண்மையாக வருவது உண்மை, எல்லாவற்றிலும் பொய்யாக வருவது பொய், நடுவில் உள்ளது இரண்டும் இல்லை. இதில் முரண்பாடு பாதி உண்மையாகாது, எந்த வழியில் கூர்மையாக்கினாலும் அது பொய். டாக்ஸித் தம்பியின் இரண்டாவது துண்டும் எல்லா வழியிலும் பொய், ஏனென்றால் ஒவ்வொருவரும் எங்கோ கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த வண்டிதான் என்று எதையும் காட்ட வேண்டியதில்லை, ஆளுக்கொரு இடம்.

செக்‌ஷன்_17

இது எங்கள் ஊர் எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்கிறது டீச்சர். "யாரோ ஒருவன் திருடினான் என்பது உண்மை. எவன் என்று கேட்காதே, தெரியாததால் அல்ல, அப்படி ஒருத்தன் இல்லாததால்." ஒரு எண் இருக்கிறது என்பது உண்மை, எந்த எண்ணை எடுத்தாலும் அது அந்த எண் என்பது உண்மை இல்லை. இதை எந்த நீதிபதி ஏற்பார்?

கேத்தி டீச்சர்

சரியான இடத்தில் அடித்தீர்கள். ஃபைனை விமர்சிப்பவர்கள் கைவைக்கும் இடம் அதுதான். நான் இன்னும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறேன், வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இலைக்காரன்_கோத்தகிரி

முதலில் வேலையற்ற பேச்சு என்றேன், இன்னும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

பசுந்தேயிலை கொடுக்கிறவர்களுக்குத் தெரியும், இரண்டு இலை ஒரு மொட்டு என்பது பேச்சு, மூட்டையில் போவது எல்லாம் கலந்துதான். நான் இலை கொடுக்கும் ஃபேக்டரியில் எடை போடும் இடத்தில் ஒருத்தர், மூட்டையின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தகரத்தில் பரப்புவார். ஒவ்வொரு காம்பாக இரண்டு விரலில் மடக்கிப் பார்ப்பார். டக் என்று ஒடிந்தால் இளசு. ஒடியாமல் வளைந்து நார் காட்டினால் முற்றல், கரட்டு இலை, அதற்குக் கழிவு. சண்டை வருவது இந்த இரண்டிலும் இல்லை. ஒரு பக்கம் ஒடிந்து, மறுபக்கம் தோல் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு தொங்குகிற காம்பு இருக்கிறதே, அதில்தான். மழை பெய்து இலை குவிகிற மாதங்களில் அது கரட்டுப் பக்கம் போகும். பனி விழுந்து செடி கருகி இலை தட்டுப்பாடாக இருக்கும்போது அதே மாதிரி காம்பு நல்ல பக்கம் போகும். அதே ஆள், அதே விரல். எல்லாரும் கூர்மையாக்கலாம், ஆளுக்கொரு கோடு என்றெல்லாம் டீச்சர் சொல்கிறார். இங்கே ஒரே ஆளிடமே கோடு நகர்கிறது, யாருக்கு இலை தேவை என்பதைப் பார்த்து நகர்கிறது. இதற்கு உங்கள் ஆட்களில் யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா?

கேத்தி டீச்சர்

வைத்திருக்கிறார்கள் தம்பி, நீங்கள் சொன்னதற்கு மிகப் பக்கத்தில். டீலியா கிராஃப் ஃபாரா 2000-இல் எழுதியது: இத்தகைய சொற்களின் எல்லை நம் நோக்கத்தைப் பொறுத்து நகரும். "உயரம்" என்றால் நம் நோக்கத்துக்குப் பொருட்படுத்தும் அளவு உயரம். அவர் இதிலிருந்து புதிருக்கே ஒரு விளக்கம் எடுத்தார். நாம் 6,000-ஐயும் 6,001-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்க்கும்போது, அந்தப் பார்வையினாலேயே இரண்டும் நம் நோக்கத்துக்கு ஒன்றாகிவிடுகின்றன, ஆகவே எல்லை அந்த ஜோடிக்கு நடுவில் இருக்க முடியாது. நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கே அது இருக்காது. ஒவ்வொரு படிக்கும் நாம் "ஆமாம்" சொல்வதன் காரணம் அதுதான்.

உங்கள் காம்பு ஆள் அயோக்கியனா என்பது தனி விஷயம்.

இலைக்காரன்_கோத்தகிரி

தனி விஷயம் எப்படி ஆகும்? கழிவு என் பணத்தில் போகிறது. காம்பில் எல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், தொங்குகிற காம்பு எந்தப் பக்கம் என்பதற்கு இயற்கையில் பதில் கிடையாது. ஆனால் ஜூனில் ஒரு பக்கம், ஜனவரியில் ஒரு பக்கம் என்று வைக்கிற உரிமை ஏன் எப்போதும் தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கே இருக்கிறது?

செக்‌ஷன்_17

கோத்தகிரி அண்ணன் இந்த இழையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் மேலே மரம் மரமாக இறக்குகிற பேச்சைச் சொன்னேனே, அதில் பொய் எங்கே என்று இப்போது தெரிகிறது. "இந்த மரத்தில் கோடு இல்லை, அந்த மரத்திலும் இல்லை" என்பது எல்லாம் சரி. அதிலிருந்து "ஆகவே சோலைக்கும் வெட்டவெளிக்கும் வித்தியாசமே இல்லை" என்று தாவுவதுதான் கள்ளம். கோடு இயற்கையில் கிடைக்காதபோது யாராவது போட்டே ஆக வேண்டும். நீதிமன்றம் 6,000 என்று போட்டபோது 6,001-இல் ஏதோ நடக்கிறது என்று கண்டுபிடிக்கவில்லை, எங்காவது நிறுத்த வேண்டும் என்பதால் அங்கே நிறுத்தியது. டாக்ஸி நண்பர் "ஏன் 6,001 இல்லை" என்று கேட்பது வீண். "6,000 என்று முடிவு செய்தபோது யாரைக் கேட்டீர்கள், எதை அளந்தீர்கள்" என்று கேட்டால் அது கேள்வி. தேயிலைக்கும் அதேதான்: தொங்குகிற காம்பு கரட்டா இல்லையா என்று காம்பிடம் கேட்டுப் பயனில்லை, வருஷம் முழுக்க ஒரே பக்கம் என்று எழுதி ஒட்டு என்று ஃபேக்டரியிடம்தான் கேட்க வேண்டும்.

குறிஞ்சிப்புதர்

எழுதி ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் 10 சதவீதக் கதையைச் சொன்னேன் அண்ணா. ஒட்டிய மறுநாளிலிருந்து எல்லாரும் கோட்டுக்கு ஒரு இம்மி இந்தப் பக்கம் நின்றுகொண்டு சட்டப்படி சரி என்பார்கள். 9 சதவீதம் ஆக்கிவிட்டு வெட்ட வருவான். கோதவர்மன் உத்தரவு அகராதியைப் பிடித்துக்கொண்டதன் நன்மையே அதுதான், எங்கே நின்றால் தப்பிக்கலாம் என்று முன்கூட்டியே தெரியாது.

செக்‌ஷன்_17

அதன் தீமையும் அதுதானே அக்கா. என் வீட்டுப் பின்னால் நிற்கிற நாலு மரம் காடா இல்லையா என்று எனக்கும் முன்கூட்டியே தெரியாது. பெரிய எஸ்டேட்காரனுக்கு வக்கீல் இருக்கிறார், அரை ஏக்கர்க்காரன் எங்கே போவான்?

மேகமூட்டம்

வானிலைக்காரர்கள் இதில் வெட்கமே படுவதில்லை. பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே என்றால் மூடுபனி, மேலே என்றால் இல்லை, முடிந்தது. குன்னூரில் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு மணி நேரத்தில் நாலு தடவை அது மாறும். யாரும் வழக்குப் போட்டதில்லை. நிலமோ பணமோ போகாத இடத்தில் எந்தக் கோடும் உறுத்துவதில்லை போல.

டீச்சர், இன்னொரு சந்தேகம். மங்கலாக இருப்பது சொல் மட்டும்தானா, பொருளுமா? தொட்டபெட்டா எங்கே முடிந்து பக்கத்துச் சரிவு எங்கே தொடங்குகிறது என்று மலைக்கே எல்லை இல்லையே.

கேத்தி டீச்சர்

காரெத் எவன்ஸ் 1978-இல் ஒரே பக்கத்தில் அதற்கு "பொருளில் மங்கல் இருக்க முடியாது" என்று நிறுவப் பார்த்தார். தொட்டபெட்டாவும் நீங்கள் கோடு போட்டு எடுக்கும் ஒரு பாறைத்தொகுதியும் ஒன்றா என்பது தீர்மானமில்லை என்று வையுங்கள். அப்போது அந்தத் தொகுதிக்கு "தொட்டபெட்டாவோடு ஒன்றா என்பது தீர்மானமில்லாதது" என்ற குணம் இருக்கிறது. தொட்டபெட்டாவுக்கு அந்தக் குணம் கிடையாது, அது தன்னோடு தான் ஒன்று என்பதில் சந்தேகமே இல்லை. குணம் வேறுபட்டால் பொருள் வேறு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று தீர்மானமாகிவிட்டது. நாலு வரியில் முடிந்துவிடும், அதை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை. தனி இழை தொடங்குங்கள், இங்கே இலை விலை கலந்துவிட்டது.

பர்லியார்க்காரன்

நண்பனிடம் செக்‌ஷன் அண்ணா சொன்னதைச் சொன்னேன். "சரி, அப்ப யாரைக் கேட்டு 6,000 போட்டாங்க?" என்கிறான். இ-பாஸ் இழைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.